பதினோரு மெமரி கார்டு

என் கடை மேசை டிராயரில் பதினோரு மெமரி கார்டு இருந்தது. ஒன்றுகூட என்னுடையது இல்லை. ஆளுக்கு 250 ரூபாய் கொடுத்து அவற்றை வாங்கியவர்கள் எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்துக்கொண்டிருந்த பையன்கள். விற்றவன் நான். விற்ற பொருளை டிராயரில் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டவனும் நான்தான். பையன் விளையாட வந்தால் அவன் கார்டை எடுத்துக் கொடுப்பேன்; கிளம்பும்போது திரும்ப வாங்கி வைத்துவிடுவேன். "வீட்டுக்கு எடுத்துக்கினு போறேன்ணா" என்று எவனாவது கேட்டால் ஒரு பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில் பொய். பொய் என்று தெரிந்தே இரண்டு வருடத்துக்கு மேல் சொன்னேன்.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அந்த வித்தையை எங்கே படித்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான் நிற்கும். பழியில் பங்குக்கு ஆள் தேடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். படித்ததைப் புரியாமல் செய்திருந்தால் பரவாயில்லை. நன்றாகப் புரிந்துகொண்டு செய்தேன்.

எனக்குச் சொந்த ஊர் பிரம்மதேசம். சொன்னவுடன் கொஞ்சம் படித்தவர்கள், "சோழர் கோயில் இருக்கே, அந்த ஊரா?" என்பார்கள். அது எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பிரம்மதேசம். எங்களுடையது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருப்பது. மல்லாட்டை, சவுக்கு, சீசனில் தர்பூசணி, கிழக்கே போனால் உப்பளம். பெயர் மட்டும் பெரிய பெயர். பிரம்மதேயம் என்றால் அரசன் அந்தணர்களுக்கு வரி நீக்கி எழுதிக் கொடுத்த ஊர். அப்படிக் கொடுக்கும்போது இன்னின்ன உரிமை என்று செப்பேட்டில் வரிசையாக எழுதுவார்கள்: கிணறு தோண்டலாம், தென்னை நடலாம், சுட்ட செங்கல்லில் மாளிகை எடுக்கலாம். அதாவது மற்றவன் அனுமதி இல்லாமல் இதையெல்லாம் செய்ய முடியாது. எங்கள் ஊர்ப் பெயரே ஓர் 'எக்ஸ்குளூசிவ்' என்று கடைப் பையன்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர்களுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்திருந்தது, அதுதான் கேடு.

டிப்ளமோ முடித்துவிட்டுச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சந்துக்குள் இரண்டு வருடம் சால்டரிங் அயர்ன் பிடித்தேன். வேலை, பிளேஸ்டேஷன் 2-க்குச் சிப் போடுவது. பெட்டியைத் திறந்து, முடி கனத்துக்கு இருக்கும் ஒயர்களை போர்டில் அந்தந்தப் புள்ளியில் ஒட்டினால், கம்பெனி போட்ட பூட்டு தூங்கிப்போகும். அதற்குப் பிறகு ஒரிஜினல் டிஸ்க் வேண்டாம். அறுபது ரூபாய் பர்மா பஜார் டிவிடி போதும். 2007-ல் ஊர் திரும்பி, திண்டிவனத்தில் ஒரு சின்ன போர்ஷன் பிடித்து, நான்கு பெட்டியும் நான்கு பழைய டிவியும் வைத்துக் கடை திறந்தேன். மணிக்கு இருபது ரூபாய். கடைப் பெயர் இப்போது வேண்டாம்.

சிப் வேலையில் இருந்ததால் ஒரு விஷயம் சீக்கிரமே விளங்கிவிட்டது. பெட்டி விற்கிற கம்பெனிக்குப் பெட்டியில் பெரிய லாபம் கிடையாது. புதிதாக வரும் காலத்தில் நஷ்டத்துக்குக்கூட விற்பார்கள். காசு டிஸ்கில். யார் ஆட்டம் தயாரித்தாலும், விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் பெட்டிக்காரனுக்கு ஒரு பங்கு வந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு வீட்டுக்குள் பெட்டி நுழைந்துவிட வேண்டும்; நுழைய ஒரு காரணம் வேண்டும். அடுத்தவன் பெட்டியில் கிடைக்காத ஓர் ஆட்டம்தான் அந்தக் காரணம். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு போட்ட எங்கள் மாமாவுக்கு இதை விளக்கியபோது அவர் அசரவே இல்லை. "கரணைக்குக் கடன் குடுப்பான், பதிவு போட்டுக்குவான், அப்புறம் கட்டிங் ஆர்டர் வர்ற வரைக்கும் நீ வேற எவனுக்கும் வெட்ட முடியாது. அதான?" என்றார். அதேதான்.

இந்தக் கலையில் முதல் வாத்தியார் நிண்டெண்டோ. 1980-களில் அமெரிக்காவில் அவர்கள் பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சிப் இருந்தது. அதற்கு ஜோடிச் சிப் இல்லாத கேசட்டைப் போட்டால் பெட்டி ஏற்காது. ஆட்டம் தயாரிக்கிறவர்கள் கேசட்டை நிண்டெண்டோவிடமே காசு கட்டி வாங்க வேண்டும். வருடத்துக்கு ஐந்து ஆட்டத்துக்கு மேல் கூடாது. அங்கே வந்த ஆட்டம் இரண்டு வருடத்துக்கு வேறு பெட்டிக்குப் போகக் கூடாது. ஜப்பானில் விற்ற மூலப் பெட்டியில் அந்தப் பூட்டு இல்லை. அதனால்தான் அதைப் பார்த்துச் செய்த நகல் பெட்டிகள் உலகமெங்கும் பரவின. நான் சின்னப் பையனாக ஒரு நகல் பெட்டியில் கான்ட்ராவும் மரியோவும் ஆடியது அப்படித்தான். நிண்டெண்டோ என்ற பெயர் கேள்விப்படாமலேயே நிண்டெண்டோ ஆடி வளர்ந்த தலைமுறை நாங்கள்.

சோனி வேறு மாதிரி. அவர்கள் காலத்தை விலைக்கு வாங்கினார்கள். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸோடு வரப்போகிறது என்று தெரிந்ததும், சோனியின் ஐரோப்பியப் பிரிவுத் தலைவராக இருந்த கிறிஸ் டீரிங் போன்றவர்கள் பெரிய பதிப்பாளர்களைத் தேடிப்போய், கொஞ்ச காலம் எங்களுக்கு மட்டும் என்றால் என்ன வேண்டும் என்று பேரம் பேசினார்கள். அப்படி மாட்டியவற்றில் ஒன்று 2001-ல் வந்த ஜிடிஏ 3. அது அவ்வளவு பெரிதாக வெடிக்கும் என்று அவர்களே நினைக்கவில்லை என்று டீரிங் பின்னாளில் சொன்னார். 2004 அக்டோபரில் சான் ஆண்ட்ரியாஸ் முதலில் பிஎஸ்2-க்குத்தான் வந்தது. எக்ஸ்பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் போகும்போது 2005 ஜூன். எட்டு மாத வித்தியாசம். அந்த எட்டு மாதத்தில் எத்தனை வீட்டில் பெட்டி இறங்கியிருக்கும்!

மைக்ரோசாஃப்டுக்குக் காலத்தை வாங்கிக்கொண்டிருக்க நேரமில்லை, ஆளையே வாங்கினார்கள். 1999-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிள் மேடையில் பெருமையாகக் காட்டிய ஆட்டம் ஹேலோ. அடுத்த வருடமே அதைச் செய்துகொண்டிருந்த பங்கி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. 2001 நவம்பரில் ஹேலோ எக்ஸ்பாக்ஸோடு வந்து இறங்கியது. கல்யாணம் பேசி முடித்த பெண்ணை மண்டபத்து வாசலில் மறித்துக் கூட்டிப்போன மாதிரி.

இதையெல்லாம் டிஜிட் பத்திரிகையிலும் அதோடு வரும் ஸ்கோர் இணைப்பிலும், பிறகு பிரவுசிங் சென்டரிலும் தேடித் தேடிப் படித்தேன். கம்பெனிக்காரர்களைத் திட்டிக்கொண்டே படிப்பேன். பகாசுரன்கள் என்பேன். திட்டுவதற்கு எனக்குத் தகுதி இருப்பதாக நினைப்பு. பூட்டை உடைத்து ஏழைப் பையன்களுக்கு ஆட்டம் காட்டுகிறவன் அல்லவா நான்?

அந்த நினைப்பின் யோக்கியதைக்கு ஓர் உதாரணம். 2009-ல் சோனி 'ஹனுமான்: பாய் வாரியர்' என்று பிஎஸ்2-க்கு ஓர் ஆட்டம் வெளியிட்டது. ஐதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் செய்தது. முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் கன்சோல் ஆட்டம் என்று சொன்னார்கள். விலை 499 ரூபாய். வெளிநாட்டில் அப்போது பிஎஸ்3 வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இங்கே விலை குறைந்த பழைய பெட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதை இன்னும் கொஞ்ச காலம் ஓட்ட நம் ஊர் ஆட்டம் கைகொடுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அதே வருடம் கில்லியும் கபடியும் பட்டமும் வைத்து 'தேசி அட்டா' வந்தது. அடுத்த வருடம் மும்பை டிரைன் கேம்ஸ் செய்த 'ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்'. ஹனுமானுக்கு அமெரிக்காவிலிருந்து ராஜன் ஜெட் என்பவர் எதிர்ப்புக் கிளப்பினார். வழிபடும் கடவுளைக் கன்ட்ரோலர் பட்டனில் ஆட்டுவிப்பதா என்று. திண்டிவனத்தில் ஒருவரும் அதற்குக் கோபப்படவில்லை. பையன்களுக்கு வேறு குறை: "குதிச்சா சரியா போய் நிக்க மாட்றார்ணா."

ஆட்டம் சுமார்தான். ஆனால் நான் என்ன செய்தேன்? ஒரே ஓர் ஒரிஜினல் வாங்கி, கம்ப்யூட்டரில் ஏற்றி, நாற்பது பிரதி எழுதி அறுபது ரூபாய்க்கு விற்றேன். ஐதராபாத்தில் எவனோ ராத்திரி முழித்துச் செய்தது என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. பிறகு அந்த மாதிரி ஆட்டங்கள் வருவது நின்றபோது, "இந்தியான்னா இவனுங்களுக்கு இளக்காரம்" என்று பேசினேன். எப்படி இருக்கிறது பாருங்கள்.

இப்போது கார்டுக்கு வருகிறேன்.

2010 கோடை விடுமுறை. என் கடையிலிருந்து நூறு அடி தள்ளி இன்னொரு கடை வந்தது. ஆறு பெட்டி, கலர் கலராக லைட், சுவரில் பெரிய போஸ்டர், மணிக்குப் பத்து ரூபாய். ஒரு வாரத்தில் என் கடையில் இரண்டு டிவி அணைந்தே கிடந்தது. விலையைக் குறைக்க என்னால் முடியாது. வாடகை, கரன்ட் பில், டிவி தவணை. அந்த ராத்திரிகளில் நான் படித்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. விலையில் ஜெயிக்க முடியாதவன் என்ன செய்வான்? அடுத்தவனிடம் கிடைக்காததை வைத்திருப்பான்.

முதலில் டிஸ்க்காரரைப் பிடித்தேன். சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து பையோடு வருவார். புது ரெஸ்லிங் டிஸ்க் வந்தால் எனக்கு மட்டும் கொடுங்கள், அந்தக் கடைக்கு ஒரு மாதம் கழித்துக் காட்டுங்கள் என்று கையில் முந்நூறு ரூபாய் வைத்தேன். அவர் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். சோனி ஜிடிஏவுக்குச் செய்தது என்னவோ அதையே முந்நூறு ரூபாயில் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

ஆனால் முந்நூறு ரூபாய் ஒப்பந்தம் முந்நூறு ரூபாய்க்குத்தான் நிற்கும். மூன்றாவது வாரமே அந்தக் கடையில் அதே டிஸ்க் ஓடியது. அவனிடம் ஐந்நூறு வாங்கியிருப்பார்.

அடுத்ததுதான் நிஜமான பூட்டு. ரெஸ்லிங் ஆட்டத்தில் நம் இஷ்டத்துக்கு ஓர் ஆளை உருவாக்கலாம். முகம், முடி, மீசை, உடுப்பு, நடந்து வரும் தோரணை, அடிக்கும் அடி எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பையனும் தனக்கென்று ஓர் ஆளைச் செய்துகொள்ள வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போட்டி, ஜெயித்தவனுக்கு ஒரு மணி நேரம் இலவசம் என்று அறிவித்தேன். கடை நிரம்பியது. ஒரு பையன் மீசையைச் சரி செய்யவே முக்கால் மணி நேரம் எடுப்பான், மீட்டர் ஓடும். நான் காசு கொடுத்து வாங்காத ஆட்டம் அது. பையன்களே உழைத்துச் செய்த சரக்கு, என் கடையில் மட்டும் கிடைக்கும். அந்தச் சரக்கு தங்கும் இடம் எட்டு எம்பி மெமரி கார்டு.

கார்டு வீட்டுக்குப் போனால் நாளைக்கு அந்தக் கடைக்குப் போகும். அதனால் பொய் பிறந்தது. "டேய், நம்ம பொட்டி சிப்பு வேற. இதுல சேவ் பண்ணத வேற பொட்டியில போட்டா கார்டு கரப்ட் ஆயிடும். அப்புறம் எங்கிட்ட வந்து அழாதீங்க" என்றேன். துளி உண்மை கிடையாது. எந்தப் பிஎஸ்2-விலும் அந்தக் கார்டு ஓடும். நான் சிப் போடுகிறவன், நான் சொன்னால் பையன்கள் நம்பினார்கள். மின்வெட்டுக் காலம் வேறு. திடீரென்று கரன்ட் போய் சேவ் ஆகாமல் போன அனுபவம் எல்லோருக்கும் இருந்தது. பயம் ஏற்கெனவே தயாராக இருந்த மண்ணில் விதையைப் போட்டேன். பதினோரு கார்டும் டிராயருக்குள் வந்தது.

கம்பெனிகள் செய்தது வியாபாரம், நான் செய்ததும் வியாபாரம் என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். வித்தியாசம் இருக்கிறது. சோனி தன் ஆட்டத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. நான் பையன்களுடையதை என்னிடம் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பதினோரு பேரில் ஒருவன் எங்கள் ஊர்ப் பையன். திண்டிவனத்தில் ஒன்பதாவது படித்தான். அப்பா மரக்காணம் உப்பளத்தில் கூலி. இலவச பஸ் பாஸ் இருந்ததால் போக்குவரத்துக்குச் செலவில்லை. சாயங்காலம் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ் வரும் நேரத்தை என் கடையில் கழிப்பான். ஊர்க்காரன் என்று ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்வேன், அதைப் பெரிய தர்மமாகச் சொல்லியும் காட்டுவேன். அவன் செய்த ரெஸ்லருக்கு 'சால்ட் கிங்' என்று பெயர். வெள்ளை பேன்ட், முட்டி வரை வெள்ளை பூட்ஸ், கறுத்த உடம்பு. நடந்து வரும் தோரணையைப் பார்த்துப் பார்த்து அமைத்திருந்தான். அவன் அப்பா அப்படித்தான் தோளைச் சாய்த்து நடப்பார்; வருடக்கணக்கில் ஒரே தோளில் உப்புச் சுமை. அது எனக்குத் தெரிந்திருந்தது. அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சால்ட் கிங் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் ஜெயிப்பான்.

ஒருநாள் மெதுவாகக் கேட்டான்: "ணா, கார்டு குடுங்கணா. அந்தக் கடையில பத்து ரூபாதான். ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி இங்கயும் வர்றேன்." அவ்வளவு நேர்மையாக என்னிடம் எவனும் பேசியதில்லை. வழக்கமான பொய்யைச் சொன்னேன். "கெட்டா கெட்டுட்டுப் போவட்டும்ணா, என் கார்டுதான?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சத்தம் போட்டேன். அவன் அந்தக் கடைக்குப் போகவில்லை. எனக்குக் கொடுக்கப் பதினைந்து ரூபாய் தேடிக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கழித்து அவன் அம்மா கடைக்கு வந்தார். இடுப்பில் கிடந்த வெள்ளி அரைஞாண் கொடியை அடகுக் கடையில் போட்டிருக்கிறான். குளிக்கும்போது கவனித்திருக்கிறார்கள். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் யாரையும் கூப்பிடவில்லை, அவனாக வருகிறான் என்று ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "தம்பி, அவன் சாமான் ஏதோ உங்கிட்ட இருக்குதாம். அத குடுத்துடு. அது இங்க இருக்கிற வரிக்கும் அவன் கால் இங்கதான் நிக்கும்" என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்மணி. நான் பத்திரிகை பத்திரிகையாகப் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"நாளைக்குப் பையனை அனுப்புங்கக்கா, தர்றேன்" என்றேன். ஏன் நாளை? அன்றைக்கே டிராயரைத் திறந்து கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அவன் அந்தக் கடைக்கு எடுத்துப்போவான், கார்டு ஓடும், என் பொய் மற்ற பத்துப் பேருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

கடையைச் சாத்தியபிறகு அந்தக் கார்டைப் பெட்டியில் போட்டேன். பிஎஸ்2-வில் சேவ் செய்தவை ஒவ்வொன்றும் சின்னச் சின்ன உருவமாக நின்று அசையும். அழி என்று கொடுக்கப் போனால் சில ஆட்டங்களின் உருவம் அசைவை மாற்றிக்கொள்ளும்படி செய்து வைத்திருப்பார்கள்; விளையாட்டுக்குத்தான். ரெஸ்லிங், சான் ஆண்ட்ரியாஸ், காட் ஆஃப் வார் என்று ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு முறையும் நிச்சயமா என்று கேட்டது. ஒவ்வொரு முறையும் ஆம் என்று அழுத்தினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் வந்தவனிடம், "சொன்னேன் இல்ல, கெட்டுப்போச்சு பாரு" என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து வாசலிலேயே நின்றான். உள்ளே மூன்று நான்கு பையன்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்காதபடி கிட்டே வந்து சொன்னான்: "கார்டு நல்லாதான் இருக்குதுணா. அங்க போட்டுப் பாத்தேன். எட்டு எம்பியும் காலியா இருக்குது, அவ்ளோதான்."

மற்றவர்களுக்குக் கேட்காதபடி ஏன் சொன்னான் என்று இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை. பையன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதனால் டிராயரில் மிச்சமிருந்த பத்துக் கார்டும் அடுத்த ஒரு வருடத்துக்கு மேல் பத்திரமாக இருந்தது.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் எங்கள் பக்கத்தைப் புரட்டிப் போட்டது. கடைக் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கி இரண்டு டிவி போனது. 2012-ல் கரன்ட் ஒரு நாளில் பாதி நேரம்கூட இருக்காது. பக்கத்துக் கடை எனக்கு முன்பே மூடிவிட்டது. என்னைவிட அவன் செலவு அதிகம். 2013 தொடக்கத்தில் சோனி பிஎஸ்2 தயாரிப்பை நிறுத்திய செய்தி வந்தபோது நான் கடைச் சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டேன். கார்டு கேட்டு யாரும் வரவில்லை. அந்தப் பையன்கள் கையில் போன் வந்துவிட்டது. இப்போது பிரம்மதேசத்தில் மொபைல் சர்வீஸ் செய்கிறேன்.

திட்டுவதை மட்டும் விடவில்லை. 2022 ஜனவரியில் ஆக்டிவிஷன் பிளிசார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது, கால் ஆஃப் டூட்டி ஆட்டத்தைத் தன் பெட்டிக்கு இல்லாமல் செய்துவிடுவார்கள் என்று சோனி ஊர் ஊராக முறையிட்டது. நண்பர்கள் குழுவில் பக்கம் பக்கமாக எழுதினேன். மைக்ரோசாஃப்ட் முதலை, சோனி நரி, இருவரும் அயோக்கியர்கள் என்று. 2023 ஜூனில் அமெரிக்க நீதிமன்றத்துக்குச் சோனி கொடுத்த காகிதங்களில் கறுப்பு மை தடவி மறைத்த எண்கள் ஸ்கேன் செய்ததில் தெரிந்துபோயின. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலர் செலவு என்று. அதைப் படித்துவிட்டுக் கைகொட்டிச் சிரித்தேன். மறைத்து வைத்தவன் மாட்டிக்கொண்டால் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

இவ்வளவு செலவு செய்து ஒரே பெட்டிக்குள் பூட்டி வைத்தால் கட்டுபடியாகாது என்பதால் இப்போது வேலிகளை அவர்களே பிரிக்கிறார்கள். 2024-ல் மைக்ரோசாஃப்ட் தன் ஆட்டங்கள் நான்கை அடுத்தவன் பெட்டிக்குக் கொடுத்தது. 2025-ல் கியர்ஸ் ஆஃப் வார் பிளேஸ்டேஷனுக்குப் போனது. ஹேலோவே போகும் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த ஹேலோ! நம் நாட்டுக் கதை இன்னும் விசித்திரம். புனேக்காரர்கள் செய்த 'ராஜி' 2020 ஆகஸ்டில் முதலில் நிண்டெண்டோ ஸ்விட்சுக்குத்தான் வந்தது, மற்றப் பெட்டிகளுக்கு அக்டோபரில். ஸ்விட்சை நிண்டெண்டோ அப்போது இந்தியாவில் முறையாக விற்கவே இல்லை. துர்க்கையும் விஷ்ணுவும் வரும் ஆட்டத்தை இங்கே உள்ளவன் இரண்டு மாதம் வேடிக்கைதான் பார்க்க வேண்டியிருந்தது.  2023-ல் சோனி 'இந்தியா ஹீரோ புராஜெக்ட்' என்று தொடங்கி, நம் ஊர்க் குழுக்களுக்குப் பணமும் பயிற்சியும் கொடுக்கிறது. முக்தி, லோக்கோ, ஃபிஷ்பவுல் என்று பெயர்கள் வருகின்றன. கரணைக்குக் கடன், என்பார் மாமா. நானும் அப்படித்தான் எழுத வாயெடுத்தேன். அப்போதுதான் ஹனுமான் டிஸ்க் நாற்பது பிரதி ஞாபகம் வந்தது, எழுதவில்லை.

போன மாசி மாதம் சர்வீஸ் கடைக்கு அந்தப் பையன் வந்தான். பையன் என்ன, முப்பதைத் தொடுகிற ஆள். ஒரகடத்தில் வேலை, கூடவே நான்கு வயசுப் பெண் குழந்தை. போன் டிஸ்பிளே உடைந்திருந்தது. கழற்றி மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கவர்களை எண்ணிக்கொண்டிருந்தது. அவன் அப்பா இறந்துவிட்டதை நான் விசாரித்தேன். ரெண்டு வருசம் ஆச்சுணா என்றான். தோளைச் சாய்த்து நடப்பாரே என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். சால்ட் கிங் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

காசு வேண்டாம் என்றேன். கேட்காமல் ஜிபேயில் போட்டுவிட்டான். ஸ்பீக்கர் சத்தமாகத் தொகையைச் சொன்னது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியவன், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பிக் கேட்டான்: "ணா, அந்தப் பசங்க கார்டெல்லாம் இன்னா பண்ணீங்க?"

"அதெல்லாம் புயல்லயே போச்சுப்பா" என்றேன்.

பத்தும் வீட்டுப் பரண்மேல் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.